சைக்ரோமீட்டரும் சைக்காலஜியும்: இரண்டும் ஒரே வேரா?

பஞ்சாலை எழுதியது:

வணக்கமுங்க. நான் நூற்பாலையில் காற்றுக்கு ஈரப்பதம் ஏற்றும் ஹியூமிடிபிகேஷன் பிளாண்ட் பார்ப்பவன். இருபது வருடமாகத் தினமும் சைக்ரோமீட்டரைப் பார்த்துத்தான் வேலை தொடங்குகிறது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வெப்பமானிகள், ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும், தண்ணீர் ஆவியாகும்போது அந்தக் குமிழ் குளிர்ந்து அளவு இறங்கும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து அறையில் எவ்வளவு ஈரப்பதம் என்று சொல்லிவிடலாம். ஈரம் குறைந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும், அதனால் இது எங்களுக்கு உயிர் மாதிரி.

மகள் இந்த வருடம் பி.எஸ்சி. சைக்காலஜி சேர்ந்திருக்கிறாள். அவள் புத்தகமும், ஈரப்பதம் கணக்கிடும் என் சைக்ரோமெட்ரிக் சார்ட்டும் ஒரே மேசையில் கிடந்தன. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் முதல் நாலைந்து எழுத்தும் ஒன்றுதான். "அப்பா, மனசைப் பத்தின படிப்புக்கும் உங்க ஈரத்துணிக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அவள் புத்தகத்தில் சைக்கே என்றால் மனம் என்று போட்டிருக்கிறது, ஆசிரியர் ஆன்மா என்று சொன்னாராம். அகராதியில் 'உயிர்' என்றும் இருக்கிறது. எது சரி?

இன்னொன்று. சொந்தக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து "பொண்ணு சைக்கோ படிப்பு படிக்குதா, அப்புறம் யார் கட்டிக்குவா" என்று கேட்டுவிட்டுப் போனார். அவள் ஒன்றும் பேசவில்லை, ஆனால் முகம் சுருங்கிவிட்டது. அதனால்தான் இந்தச் சொல்லை முழுசாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது.

நாணல் எழுதியது:

சைக்ரோ வேறு, சைக்கோ வேறு அண்ணா. முன்னது குளிர்ச்சி. குளிரில் வளரும் பாக்டீரியாவுக்கு சைக்ரோபைல் என்று பெயர், நுண்ணுயிரியல் பாடத்தில் வரும். எழுத்து ஒற்றுமை தற்செயல் என்றுதான் நினைக்கிறேன்.

பனையோலை எழுதியது:

தற்செயல் இல்லை நாணல், அங்கேதான் விஷயமே இருக்கிறது.

நான் இறையியல் கல்லூரியில் நான்கு வருடம் கிரேக்கம் படித்தவன், அதை வைத்துச் சொல்கிறேன். கிரேக்கத்தில் 'ப்சூகோ' என்று ஒரு வினைச்சொல் உண்டு. பெரிய அகராதிகளில் அதற்கு இரண்டு பொருள் போட்டிருப்பார்கள்: ஊது, மூச்சுவிடு என்பது ஒன்று; குளிர வை, ஆற வை என்பது இன்னொன்று. பஞ்சாலை அண்ணா, சூடான காப்பியை உதட்டைக் குவித்து ஊதுகிறோமே, அந்த ஒரே செயலில் இரண்டு பொருளும் இருக்கின்றன. புறங்கையில் வாயைக் குவித்து ஊதிப் பாருங்கள், சில்லென்று இருக்கும்.

அந்த வினையின் குளிர்ப் பக்கத்திலிருந்து 'ப்சூக்ரோஸ்', அதாவது குளிர்ந்த என்ற பெயரடை வந்தது, உங்கள் கருவி அந்தக் கிளை. மூச்சுப் பக்கத்திலிருந்து 'ப்சூகே' வந்தது, மகளின் புத்தகத்தில் 'சைக்கே' என்று இருப்பது இதுதான், அவள் படிப்பு அந்தக் கிளை. மேசையில் கிடந்த இரண்டும் பங்காளி வீட்டுப் பிள்ளைகள்தான்.

சரி, ப்சூகே என்றால் என்ன? மனம், ஆன்மா, உயிர் மூன்றும் சரி, ஆனால் மூன்றும் வேறு வேறு காலத்தில் சரி. மிகப் பழைய நூல்களில், அதாவது கிரேக்கக் கவி ஹோமரின் காவியங்களான இலியத்திலும் ஒடிசியிலும், ப்சூகே என்பது நினைக்காது, கோபப்படாது, ஆசைப்படாது. உயிரோடு இருக்கும் மனிதனிடம் அதற்கு வேலையே இல்லை. மயங்கி விழும்போதோ சாகும்போதோதான் அதைப் பற்றிய பேச்சே வரும். இலியத்தின் ஒன்பதாம் பாகத்தில் அக்கிலஸ் என்ற வீரன் ஒன்று சொல்வான்: மாட்டையும் ஆட்டையும் கொள்ளையடித்துக் கொண்டுவரலாம், குதிரைகளைச் சம்பாதிக்கலாம், ஆனால் மனிதனின் ப்சூகே பல்வேலியைத் தாண்டிப் போய்விட்டால் திரும்பி வராது. பல்வேலி, அதாவது பல்வரிசை. வாய் வழியாக வெளியேறும் கடைசி மூச்சு. ப்சூகே என்ற சொல்லின் முதல் படம் இதுதான்.

வெளியே போன பிறகு அது நிழல் மாதிரி பாதாள உலகத்தில் திரியும். அக்கிலஸின் நண்பன் பத்ரோக்லஸ் செத்த பிறகு அவன் ப்சூகே அக்கிலஸின் கனவில் வந்து சீக்கிரம் எனக்கு ஈமக்கடனைச் செய் என்று கேட்கிறது. அக்கிலஸ் கட்டிப்பிடிக்கக் கையை நீட்டுகிறான், அது புகை மாதிரி கீச்சிட்டபடி மண்ணுக்குள் போய்விடுகிறது. ஒடிசியில் கதைத்தலைவன் ஒடிசியஸ் இறந்துபோன தன் அம்மாவைக் கட்டிப்பிடிக்க மூன்று தடவை முயல்வான், மூன்று தடவையும் கைக்குள் ஒன்றும் இருக்காது. அந்த இடத்தை முதன்முதலில் கிரேக்கத்தில் எழுத்துக்கூட்டிப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மாவைப் பறிகொடுத்த யாரும் அதைப் படித்துவிட்டு ப்சூகே என்றால் மனம் என்று மட்டும் எழுதிவிட்டுப் போக முடியாது.

இரவுப்பணி எழுதியது:

மனநல வார்டில் செவிலியராக இருக்கிறேன். பனையோலை அண்ணா, இது எனக்குப் புதுசு. அப்படியானால் ஹோமர் காலத்தில் நினைப்பது, கோபப்படுவது எல்லாம் எது செய்தது? நாங்கள் தினமும் கேஸ் ஷீட்டில் எழுதும் சொற்கள் எல்லாமே கிரேக்கம்தான் என்கிறார்கள், அவை எங்கிருந்து வந்தன?

பனையோலை எழுதியது:

நல்ல கேள்வி தங்கச்சி. அதற்கு அவர்களிடம் தனித்தனிச் சொற்கள் இருந்தன, ஒவ்வொன்றும் உங்கள் வார்டில்தான் இன்றைக்கு உயிரோடு இருக்கிறது.

'தூமோஸ்' என்று ஒன்று. நெஞ்சுக்குள் கொதிக்கும் வேகம், சினம், துணிவு, ஆசை. நீடித்த மனச்சோர்வுக்கு டிஸ்தைமியா, மனநிலை மாறிமாறி ஏறி இறங்குவதற்கு சைக்ளோதைமியா என்று எழுதுகிறீர்களே, அந்தத் 'தைமியா' இதுதான். இந்தச் சொல்லைப் பற்றி மொழியியலார் சொல்வதைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள்: இதற்கும் சமஸ்கிருத 'தூம'வுக்கும் ஒரே மூலம், இரண்டும் புகை. தமிழில் தூமகேது என்கிறோமே, புகைக்கொடி, வால்நட்சத்திரம், அந்தத் தூமம். நெஞ்சில் புகைவதுதான் கிரேக்கனுக்குக் கோபம்.

'ஃப்ரேன்' அல்லது பன்மையில் 'ஃப்ரெனெஸ்' இன்னொன்று. யோசனை, புத்தி இருக்கும் இடம். ஆனால் அது தலையில் இல்லை, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில், உதரவிதானத்தைச் சுற்றி. உதரவிதானத்துக்குப் போகும் நரம்பை இன்றும் ஃப்ரெனிக் நரம்பு என்கிறோம். ஸ்கிசோஃப்ரினியாவிலும் இதே ஃப்ரேன்தான் இருக்கிறது.

'நூஸ்' மூன்றாவது: பார்த்துப் புரிந்துகொள்ளும் அறிவு. அறிவு பக்கவாட்டில் தடம் மாறிப் போனால் பாரானொயா, அதாவது காரணமில்லாத சந்தேகம்.

ஆக நினைப்பதற்கும் பொங்குவதற்கும் இத்தனை பேர் இருக்க, ப்சூகேவுக்கு வேலை ஒன்றே ஒன்று: இருந்தால் நீ உயிரோடு இருக்கிறாய், போனால் இல்லை.

இரவுப்பணி எழுதியது:

ஸ்கிசோஃப்ரினியா பற்றி ஒன்று சேர்த்துவிடுகிறேன், ஏனென்றால் இதில் நிறையப் பேருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. சுவிட்சர்லாந்து மருத்துவர் ஆய்கன் புளொய்லர் 1908இல் வைத்த பெயர் அது. 'ஸ்கிசெய்ன்' என்றால் பிளத்தல். பிளவு என்றதும் ஒருவருக்குள் இரண்டு ஆள் இருப்பதாகச் சினிமாவில் காட்டிக் காட்டி அதுவே நிலைத்துவிட்டது. அவர் சொன்னது வேறு. எண்ணம் ஒரு பக்கம், உணர்ச்சி ஒரு பக்கம், செயல் ஒரு பக்கம் என்று ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் போவதைத்தான் பிளவு என்றார். மனச்சிதைவு என்று தமிழில் எழுதுவது இந்த வகையில் பொருத்தம்.

அப்புறம் பஞ்சாலை அண்ணா சொன்ன அந்தச் 'சைக்கோ'. சைக்கோசிஸ் என்பது ஒரு நிலை: இல்லாத குரல் கேட்கும், எல்லாரும் தனக்கு எதிராகச் சதி செய்வதாகத் தோன்றும், உண்மைக்கும் தோற்றத்துக்கும் நடுவில் உள்ள கோடு அழிந்துவிடும். அப்படி வருபவர்கள் பெரும்பாலும் பயந்துபோய் வருகிறார்கள், நடுங்குகிறார்கள், கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். சைக்கோபாத் என்று சொல்வது முற்றிலும் வேறு, அது குற்றவுணர்வும் இரக்கமும் குறைந்த ஆளுமை பற்றியது, அவர்களுக்குக் குரல் எதுவும் கேட்பதில்லை. தெருவில் இந்த இரண்டையும் ஒரே சொல்லாக வெட்டிச் 'சைக்கோ' ஆக்கி, சினிமாக் கொலைகாரனின் முகத்தை அதன்மேல் ஒட்டிவிட்டார்கள். நடுங்கிக்கொண்டு வரும் இருபது வயதுப் பையனை அவன் பெரியப்பாவே வராந்தாவில் நின்று 'சைக்கோ' என்று கூப்பிட்டதைக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அந்தப் பையன் மருந்து வாங்காமல் எழுந்து போய்விட்டான்.

கல்வெட்டு எழுதியது:

உணர்ச்சி எல்லாம் சரி, ஆனால் ஒரு அடிப்படை விஷயத்தில் நான் மாறுபடுகிறேன். ஒரு சொல் எங்கிருந்து பிறந்தது என்பதை வைத்து அதன் இன்றைய பொருள் சரி, தப்பு என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. நாற்றம் என்றால் பழைய தமிழில் நல்ல மணமும்தான். இன்றைக்கு ஒருவரிடம் போய் "உங்கள் வீட்டுச் சமையல் நாற்றம் பிரமாதம்" என்று சொல்லிவிட்டுச் சங்க இலக்கியத்தை மேற்கோள் காட்ட முடியுமா? சொல் என்பது இன்றைக்குப் பேசுகிறவர்கள் கையில் இருக்கிறது. இரண்டாயிரத்து எழுநூறு வருடத்துக்கு முன்னால் மூச்சு என்று இருந்தால் இருக்கட்டும், இன்றைக்கு சைக்காலஜி என்றால் மனத்தைப் பற்றிய படிப்புதான். அதை 'உயிரியல்' என்று மாற்ற முடியாது, அந்தப் பெயர் பயாலஜிக்குப் போய்விட்டது.

பனையோலை எழுதியது:

கல்வெட்டு ஐயா, நாற்றம் உதாரணம் அருமை, ஒத்துக்கொள்கிறேன். மூலப்பொருள்தான் உண்மைப்பொருள் என்று நானும் சொல்லவில்லை. எப்படி மாறியது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் மகளின் புத்தகத்தில் மூன்று பொருள் ஏன் முட்டிக்கொள்கிறது என்று விளங்கும். அதையும் முடிந்தவரை சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் நீளும்.

ஹோமருக்குப் பிறகு ப்சூகேவுக்கு மெல்ல மெல்லக் கூடுதல் பொறுப்பு வந்து சேர்கிறது. பித்தகோரஸ் ஒரு நாயை ஒருவன் அடிப்பதைப் பார்த்துவிட்டு, நிறுத்து, இது என் நண்பனின் ப்சூகே, கத்தும் குரலில் அடையாளம் கண்டுகொண்டேன் என்றாராம். அவர் காலத்தவரான செனோஃபனீஸ் பாடிய செய்யுளில் இது இருக்கிறது, கிண்டலாகப் பாடியதுதான், ஆனால் மாற்றம் நமக்குத் தெரிகிறது: உடம்பு மாறினாலும் 'அவன்' யார் என்பதை இப்போது ப்சூகே சுமக்கிறது. அனக்சிமெனீஸ் என்ற தத்துவஞானி, காற்றாகிய நம் ப்சூகே நம்மைச் சேர்த்துப் பிடித்திருப்பதுபோல மூச்சும் காற்றும் உலகத்தையே சூழ்ந்திருக்கிறது என்றார். இன்னொரு தத்துவஞானி ஹெராக்ளிடஸ், எந்த வழியில் எவ்வளவு தூரம் போனாலும் ப்சூகேவின் எல்லையைக் கண்டுபிடிக்க மாட்டாய் என்றார்.

பிளேட்டோவிடம் வரும்போது எல்லாச் சொத்தும் அதன் பெயருக்கு எழுதிவைக்கப்படுகிறது. பகுத்தறியும் பகுதி, பொங்கும் பகுதி, ஆசைப்படும் பகுதி மூன்றும் ப்சூகேவுக்கு உள்ளே. ஹோமரிடம் தனியாக நின்ற தூமோஸ் இங்கே ப்சூகேவின் ஒரு அறையாகிவிட்டது. சொல்லின் வேரைப் பற்றியும் பிளேட்டோவின் கிராத்திலஸ் உரையாடலில் சாக்ரடீஸ் பேசுகிறார்: உடம்புக்கு மூச்சுக் கொடுத்துக் குளிர்வித்து உயிர்ப்பிப்பதால் இந்தப் பெயர் என்பது அங்கே வரும் ஒரு விளக்கம். பிற்பாடு ஸ்டோயிக்குகள் என்ற தத்துவப் பள்ளியினர் இன்னும் ஒரு படி போனார்கள். கருப்பையில் இருக்கும்வரை குழந்தை செடி மாதிரி, பிறந்ததும் வெளிக்காற்று பட்டு உள்ளே இருக்கும் மூச்சு குளிர்ந்து கெட்டிப்படுகிறது, அந்தக் குளிர்ச்சியால்தான் அது ப்சூகே ஆகிறது என்றார்கள். பஞ்சாலை அண்ணா, உங்கள் ஈரக்குமிழையும் மகளின் படிப்பையும் ஒன்றாகக் கட்டிய பழைய ஆட்கள் இவர்கள்தான்.

நாணல் எழுதியது:

அண்ணா, அரிஸ்டாட்டிலை விட்டுவிட்டீர்களே. என் பாடத்தில் அவர் வருகிறார். செடிக்கும் ப்சூகே உண்டு என்பார்: உண்டு, வளர்ந்து, இனம்பெருக்குவது செடியின் ப்சூகே. விலங்குக்கு அதோடு புலனுணர்வும் சேரும். மனிதனுக்கு அவற்றோடு அறிவு. அதனால் அவரிடம் ப்சூகேவை மனம் என்று மொழிபெயர்த்தால் முருங்கை மரத்துக்கு மனம் இருக்கிறது என்று ஆகிவிடும், உயிர் என்றால்தான் பொருந்துகிறது. உயிருள்ளதை 'எம்ப்சூகோஸ்', உயிரற்றதை 'அப்சூகோஸ்' என்பார்கள்.

இதைப் படிக்கும்போது தொல்காப்பிய மரபியலில் வரும் ஓரறிவு முதல் ஆறறிவு வரையிலான வரிசைதான் நினைவுக்கு வந்தது. அங்கேயும் ஆறாவதாக வருவது மனம். ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை, ஆனால் ஒரு வித்தியாசம் கவனித்தேன். அரிஸ்டாட்டில் செடிக்கு உணர்வு கிடையாது என்று முடித்துவிடுகிறார். தொல்காப்பியர் புல்லுக்கும் மரத்துக்கும் தொடு உணர்வு என்ற ஓரறிவைக் கொடுக்கிறார்.

இன்னொன்று, அரிஸ்டாட்டில் விலங்குகளைப் பற்றி எழுதியதில் பட்டாம்பூச்சிக்கும் ப்சூகே என்ற சொல்லையே பயன்படுத்துகிறார். முட்டைக்கோசு இலையில் பிறக்கும் புழு, கூட்டுக்குள் அசையாமல் செத்ததுபோலக் கிடந்து, பிறகு உடைத்துக்கொண்டு பறக்கிறதே, அதுதான். கிரேக்க, ரோமானியச் சிற்பங்களில் ப்சூகே என்ற பெண்ணுக்குப் பட்டாம்பூச்சிச் சிறகு வைத்திருப்பது இதனால்தான்.

மாலுமி எழுதியது:

கிரேக்கக் கம்பெனிக் கப்பலில் ஒன்பது வருடம் ஓடியிருக்கிறேன். புத்தகக் கிரேக்கம் எனக்குத் தெரியாது, எஞ்சின் ரூமிலும் சமையலறையிலும் காதில் விழுந்ததைத்தான் சொல்ல முடியும்.

ஃபிரிட்ஜுக்கு அவர்கள் சொல் 'ப்சியீயோ'. முதல் தடவை கேட்டபோது என்னவோ என்று நினைத்தேன், இன்றைக்குத்தான் அதுவும் அந்தக் குளிர வைக்கும் வினையின் பிள்ளை என்று புரிகிறது. அதே சமையல்காரர் வீட்டுக்கு போன் போட்டால் பேத்தியிடம் 'ப்சிஹீ மூ', 'ப்சிஹீ மூ' என்று கொஞ்சுவார். என் உயிரே என்று அர்த்தம். ஃபிரிட்ஜும் பேத்தியும் ஒரே வாயில்.

இன்னொரு சம்பவம். செங்கடலில் ஜூலை மாதம், டெக்கில் ஒரு பையன் வெயில் தாங்காமல் சுருண்டு விழுந்தான். டெக் ஆட்களின் மேஸ்திரியான போசன் 'லிபோதீமிசே' என்று கத்தினார். மயங்கிட்டான் என்று பொருள். பனையோலை சொன்ன தூமோஸ் அதற்குள் இருக்கிறதா?

பனையோலை எழுதியது:

இருக்கிறது மாலுமி! 'லிபோ' என்பது விட்டுப்போதல், குறைதல். தூமோஸ் ஆளை விட்டுப் போய்விட்டது. இன்றைய கிரேக்கத்தில் தூ என்பது தீ என்று ஒலிக்கும், அதனால் உங்கள் காதில் தீமி என்று விழுந்திருக்கிறது. இதை நான் புத்தகத்தில் படித்ததோடு சரி, ஒரு கப்பல் டெக்கில் யாரோ கத்திக் கேட்ட ஆளிடமிருந்து இங்கே கேட்பது மிகவும் சந்தோஷமாக இருக்கிறது.

கல்வெட்டு எழுதியது:

சரி, பழைய கிரேக்கத்தில் உயிர், ஆன்மா எல்லாம் ஒத்துக்கொள்கிறேன். மனமாக எப்போது சுருங்கியது? அதைச் சொல்லுங்கள்.

பனையோலை எழுதியது:

இரண்டு திருப்பம் சொல்லலாம்.

முதலாவது வேதாகமம். எபிரெய நூல்களைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் 'நெஃபெஷ்' என்ற சொல்லுக்கு ப்சூகே போட்டார்கள். நெஃபெஷுக்குத் தொண்டை, மூச்சு, உயிர் என்று பொருள் உண்டு, அதனால் அழகாகப் பொருந்தியது. ஆதியாகமத்தில் மண்ணால் செய்த மனிதனின் நாசியில் ஜீவசுவாசம் ஊதப்பட்டு அவன் ஜீவாத்துமாவாகிறான் என்று தமிழில் படிக்கிறோம், அந்த ஆத்துமாதான் கிரேக்கத்தில் ப்சூகே. ஆனால் புதிய ஏற்பாட்டில் பவுல் எழுதும்போது 'ப்நெவ்மா' என்ற இன்னொரு மூச்சுச் சொல்லை மேலே தூக்கி வைக்கிறார். தமிழ் வேதாகமம் இதை ஆவி என்று தருகிறது. தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தில் ஆவி, ஆத்துமா, சரீரம் என்று மூன்றும் வரிசையாக வரும், சிறுவயதிலிருந்து கேட்டவர்களுக்குத் தெரியும். ப்சூகேவிலிருந்து வந்த 'ப்சூகிகோஸ்' என்ற அடைமொழியைத் தமிழ் மொழிபெயர்ப்பு 'ஜென்ம சுபாவமான' என்று எழுதுகிறது, அதாவது ஆவிக்குரியதை எட்டாத சாதாரண மனிதன். அதே சொல்தான் ஆங்கிலத்தில் சைக்கிக் ஆகி, பேயோடு பேசுகிறவருக்கும் வருங்காலம் சொல்கிறவருக்கும் பெயரானது. எங்கிருந்து எங்கே போயிருக்கிறது பாருங்கள்.

இரண்டாவது பிரெஞ்சுத் தத்துவஞானி டெகார்ட். 17ஆம் நூற்றாண்டில் அவர் உயிர்வாழ்வதை எல்லாம் எந்திரம்போல உடம்பின் கணக்கில் எழுதிவிட்டு, சிந்திப்பதை மட்டும் ஆன்மாவுக்கு விட்டார். ஆன்மாவைக் குறிக்கும் லத்தீன் சொல் குழப்பமானது, அதனால் மனம் என்ற சொல்லையே முடிந்தவரை பயன்படுத்துகிறேன் என்று அவரே எழுதியிருக்கிறார். மரத்தை வளர்த்துக்கொண்டிருந்த ப்சூகே அன்றோடு தோட்ட வேலையை விட்டுவிட்டுத் தலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

சைக்காலஜி என்ற சொல் இதற்கு முன்பே உருவாகிவிட்டது, இதையும் மகளிடம் சொல்லுங்கள். பழைய கிரேக்கர்கள் அப்படி ஒரு சொல்லைப் பயன்படுத்தவில்லை, லத்தீனில் எழுதிய ஐரோப்பிய அறிஞர்கள் கிரேக்கத் துண்டுகளை ஒட்டிச் செய்தது. 1590இல் மார்பர்க் பேராசிரியர் கோக்லேனியுஸ் அந்தப் பெயரிலேயே ஒரு புத்தகம் வெளியிட்டார், அதில் ஆன்மா எப்படி மனிதனுக்குள் வருகிறது என்பது போன்ற இறையியல் விவாதம்தான். கிறிஸ்தியான் வோல்ஃப் 1732இல் அனுபவ வழிச் சைக்காலஜி என்று எழுதி அதைப் பிரபலமாக்கினார். 1879இல் ஜெர்மனியின் லைப்சிக்கில் வுண்ட் என்ற அறிஞர் சைக்காலஜி ஆய்வுக்கூடம் தொடங்கி, ஒலி கேட்டு எத்தனை நொடியில் கை பொத்தானை அழுத்துகிறது என்று அளக்க ஆரம்பித்தபோது ஆன்மா அறையைவிட்டுப் போய் மனம் மட்டும் மிச்சமானது.

இரவுப்பணி எழுதியது:

சைக்கியாட்ரி எங்கள் பக்கத்துச் சொல், அதை நான் சொல்கிறேன். 1808இல் ஜெர்மானிய மருத்துவர் ரைல் உருவாக்கினார். 'இயாத்ரோஸ்' என்றால் மருத்துவர், பீடியாட்ரிக்ஸ், ஜீரியாட்ரிக்ஸ் எல்லாவற்றிலும் இருப்பது. நேராகச் சொன்னால் ஆன்மாவுக்கு வைத்தியம்.

ஒரு சந்தேகம். சைக்காலஜி, சைக்கோசிஸ், சைக்கோதெரபி எல்லாவற்றிலும் ஓ வருகிறது, சைக்கியாட்ரியில் மட்டும் ஏன் இல்லை?

கல்வெட்டு எழுதியது:

இது நமக்குப் பழக்கமான விஷயம்தான். நம் இலக்கணத்தில் சாரியை இருக்கிறதே, அதுபோல. மரம் என்பதோடு ஐ சேரும்போது நடுவில் 'அத்து' வந்து மரத்தை ஆகிறது, அந்த அத்துவுக்குத் தனிப்பொருள் இல்லை. கிரேக்கக் கூட்டுச்சொற்களில் இரண்டு பகுதிக்கு நடுவில் வரும் ஓசை 'ஒ'. அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் அது தேவைப்படுவதில்லை. இயாத்ரோஸ் 'இ'யில் தொடங்குவதால் நேராக ஒட்டிக்கொண்டது. அதனால் உண்மையான துண்டு 'சைக்' வரைக்கும்தான், 'ஓ' வெறும் பசை. சைக்கோசிஸில் வரும் 'ஓ' மட்டும் நோய்நிலையைச் சொல்லும் 'ஓசிஸ்' என்ற விகுதியோடு சேர்ந்தது.

ஈரக்காற்று எழுதியது:

ஓ பற்றிப் பேச்சு வந்ததால்: மாயத்தோற்றம் தரும் மருந்துகளைக் குறிக்கும் சைக்கெடெலிக் என்ற சொல்லிலும் ஓ இல்லை, ஆனால் அங்கே கதை வேறு. 1956இல் ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் என்ற மனநல மருத்துவர் எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லிக்கு எழுதிய கடிதத்தில் வந்த சொல் அது, ப்சூகேவோடு 'வெளிப்படுத்து' என்ற வினையைச் சேர்த்தார். இலக்கணப்படி சைக்கோடெலிக் என்றுதான் வரவேண்டும். அதற்குள் சைக்கோ என்ற ஒலியில் பைத்தியம் என்ற வாடை ஏறிவிட்டதால் அதைத் தவிர்த்தது நல்லதாயிற்று. ஹக்ஸ்லி முன்வைத்த மாற்றுச்சொல்லில் ப்சூகேவுக்குப் பதில் தூமோஸ் இருந்தது, ஃபனெரோதைம் என்று. அது எடுபடவில்லை.

வன்னிமரம் எழுதியது:

நான் இலங்கையில் உளவளத்துணையாளராக வேலை செய்கிறேன். கவுன்சலிங் என்பதற்கு எங்கட பக்கம் உளவளத்துணை என்றுதான் சொல்வோம், பாடநெறி, அலுவலகப் பலகை எல்லாவற்றிலும் அதுதான். உளவியல், உளமருத்துவம், உளசமூகப் பணி என்று 'உள' முன்னால் வரும். தமிழ்நாட்டில் மனநலம், மனோதத்துவம் என்று நிறையப் பார்க்கிறேன், இப்போது அங்கேயும் உளவியல் பரவியிருக்கிறது.

நான் சொல்ல வந்தது இதுதான். போரில் ஆட்களைப் பறிகொடுத்த அம்மாமார் எங்களிடம் வந்து "எனக்கு மனநோய்" என்று சொல்வதில்லை. "மூச்சு விட ஏலாமல் கிடக்கு பிள்ளை", "நெஞ்சுக்குள்ள புகையுது" என்றுதான் தொடங்குவார்கள். பெருமூச்சு விட்டு விட்டுத்தான் கதைப்பார்கள். பனையோலை அண்ணா எழுதிய தூமோஸ் புகை, ஃப்ரேன் நெஞ்சாங்குழி, ப்சூகே மூச்சு என்பதை வாசிக்க அந்த அம்மாமாரின் முகம்தான் எனக்கு முன்னால் வந்தது. நாங்கள் மனம் என்று தனியே எடுத்து எழுதிக்கொள்கிறோம், அவர்கள் இன்னும் உடம்போடு சேர்த்தே சொல்கிறார்கள். உயிர்த்தல் என்றாலே தமிழில் மூச்சு விடுதல்தானே. நெட்டுயிர்த்தல் என்றால் நீளமாகப் பெருமூச்சு விடுதல்.

பனையோலை எழுதியது:

அக்கா, இதை நான் எங்கேயாவது எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். ப்சூகேவுக்கு மிக நெருக்கமான தமிழ்ச் சொல் உயிர் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன், உயிர்த்தல் என்ற வினையை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததே இல்லை. ப்சூகோவிலிருந்து ப்சூகே, உயிர்ப்பு பக்கத்தில் உயிர். அச்சு அசல். ஆவியும் அப்படித்தான், கொதிநீரில் எழுவதும் ஆவி, மூச்சும் ஆவி, செத்தவர் வந்து நிற்பதும் ஆவி.

கல்வெட்டு எழுதியது:

என் கருத்து இன்னும் மாறவில்லை, இன்றைய பொருள் மனம்தான், தேர்வில் அதைத்தான் எழுத வேண்டும். ஆனால் வன்னிமரம் எழுதியதைப் படித்த பிறகு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃபிராய்டு 1890இலேயே ஒரு கட்டுரையின் தொடக்கத்தில், ப்சூகே என்பது கிரேக்கச் சொல், நம் மொழியில் ஆன்மா என்று பொருள் என எழுதிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார். ஜெர்மனில் அவர் எழுதிய சொல் 'ஸேலெ', வீட்டில் புழங்கும் சொல். ஆங்கில மொழிபெயர்ப்புகளில் அது பெரும்பாலும் மனம் என்று ஆகிவிட்டது. நமக்கு வந்தது ஆங்கிலம் வழியாக. ஆகவே ஆசிரியர் ஆன்மா என்றதும், புத்தகம் மனம் என்றதும் இரண்டு வழியில் வந்த ஒரே சொல்.

பஞ்சாலை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரவு ஷிப்ட் முடிந்து வந்து முழுசாக இரண்டு தடவை படித்தேன், பிறகு மகளை எழுப்பிப் படிக்கச் சொன்னேன். பல்வேலி என்ற இடத்தில் நிறுத்தி மறுபடி படித்தாள். சைக்ரோமீட்டரை ஒருநாள் மில்லுக்கு வந்து நேரில் பார்க்க வேண்டும் என்றாள், அழைத்துப் போனேன். ஈரத்துணி சுற்றிய குமிழுக்குப் பக்கத்தில் வாயைக் குவித்து ஊதினாள், பாதரசம் இறங்கியது.

அந்தச் சொந்தக்காரர் அடுத்த மாதம் ஒரு விசேஷத்துக்கு வருகிறார். இந்தத் தடவை நானே பதில் சொல்லிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

வகுப்பில் இந்தச் சொல்லைப் பற்றியே பத்து நிமிடம் பேசப் பெயர் கொடுத்திருக்கிறாள். பனையோலை அவர்களே, மேடையில் எப்படி உச்சரிப்பது என்று கேட்கச் சொன்னாள்.

பனையோலை எழுதியது:

ஆங்கிலேயர் மாதிரி முதல் எழுத்தை விழுங்க வேண்டாம், கிரேக்கத்தில் அந்த 'ப்' வாயில் கேட்கும். 'ப்' என்று உதட்டை மூடி, உடனே 'சூ' என்று குவித்து ஊதி, 'கே' என்று விடச் சொல்லுங்கள். அந்தக் 'கே'யிலும் கொஞ்சம் காற்று வர வேண்டும். ப்-சூ-கே.